ஒரு வீடும் பல வாசல்களும்: மின்னஞ்சல் மறுபெயர் முகவரிகள் பற்றிச் சில விளக்கங்கள்

தொண்ணூறுகளில் பாமன்கடையிலும் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கடிதம் விநியோகித்த தபாற்காரர்களுக்கு ஒரு விடயம் நன்கு தெரிந்திருந்தது. உறையில் எழுதப்பட்டிருக்கும் வீட்டு இலக்கம் ஒன்றுதான். ஆனால், அந்த இலக்கத்துக்குள் வசிப்பவர்கள் ஒரு குடும்பத்தினர் அல்லர். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து அறையொன்றை வாடகைக்குப் பெற்றவர்கள், விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள், படிப்புக்காகத் தங்க வந்த மாணவர்கள் எனப் பலரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். அவர்களுக்கு வந்த கடிதங்களில் பெயருக்கு அடுத்த வரியில் 'மே/பா' என்று எழுதி வீட்டுக்காரரின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். தபாற்காரருக்கு வீட்டுக்காரரின் பெயர் போதுமானது. மேசையில் குவிந்த கடிதங்களை உரியவரிடம் சேர்ப்பிக்க வீட்டுக்காரருக்கு முதல் வரி போதுமானது.

முகவரி என்பது எம்மவருக்கு வெறுமனே தபால் சம்பந்தப்பட்ட விடயமாக ஒருபோதும் இருந்ததில்லை. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டதையும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததையும் அறிந்தவர்களுக்கு, நிலையான முகவரி ஒன்று இல்லாதிருப்பதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தின் பிற்பகுதியில் காலி வீதியெங்கும் தோன்றிய கொமியூனிகேஷன் நிலையங்கள் மின்னஞ்சலையும் இதே முறையிலேயே எமக்கு அறிமுகப்படுத்தின. இலங்கையில் வர்த்தக ரீதியான இணையச் சேவை 1995இல் ஆரம்பமானது. ஆனால், வீட்டில் கணினி வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. எனவே கடைக்கு ஒரு முகவரி இருக்கும். ரொறன்ரோவிலோ ஜித்தாவிலோ இருந்த மகன், தலைப்பு வரியில் தந்தையின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதிக் கடையின் முகவரிக்கு அனுப்புவார். கடைக்காரர் அதை அச்சிட்டு, மடித்து, பெயரெழுதி வைத்திருப்பார். நான் அறிந்த ஒரு முதியவர் வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் வந்து, "தம்பி, எனக்கு ஏதும் வந்திருக்கோ?" என்று கேட்டு அந்தத் தாளைப் பெற்றுச் செல்வார். கடைக்காரர் அதை வாசித்திருப்பார் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

இன்று ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கின்றது. ஆனால், ஒன்றுதான் இருக்கின்றது. அந்த ஒன்றையே வங்கிக்கும், பிள்ளையின் பாடசாலைக்கும், விசா விண்ணப்பத்துக்கும், தளபாடக் கடையின் அதிர்ஷ்டச் சீட்டிழுப்புக்கும், பழைய மாணவர் சங்கத்துக்கும் பேதமின்றிக் கொடுத்து வருகின்றோம். இதன் விளைவு, நாளொன்றுக்கு நூறு செய்திகள் வந்து சேரும் ஒரு பெட்டி. அதில் தூதரகத்தின் கடிதம் எங்கே, விளம்பரம் எங்கே, மோசடிக்காரனின் தூண்டில் எங்கே என்று பிரித்தறியும் வேலை முழுவதும் எமது கண்களிடமே விடப்பட்டுள்ளது. 'மே/பா' என்ற அந்த வரி எமது மின்னஞ்சல்களில் இல்லாமற் போய்விட்டது. அதனை மீண்டும் எழுதுவதற்கான வழியே ஆங்கிலத்தில் 'அலியாஸ்' எனப்படும் மறுபெயர் முகவரி.

இந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் நீதிமன்றச் செய்திகளே எம்மிற் பலருக்கு நினைவுக்கு வரும். சந்தேக நபரின் பெயரை எழுதி, 'எனப்படும்' என்று சேர்த்து அவரது பட்டப் பெயரையும் எழுதுவது பத்திரிகை வழக்கம். அதனாலேயே இதில் ஏதோ ஒளிவுமறைவு இருப்பதாகச் சிலர் ஐயுறுகின்றனர். அது அவசியமற்ற ஐயம். துரைசாமி உருத்திரமூர்த்தி 'மஹாகவி'யாகவும், ஏறாவூர் சாலிஹ் 'புரட்சிக்கமால்' ஆகவும், மட்டக்களப்பு கே. எம். ஷா 'பித்தன்' ஆகவும் எழுதியபோது எவரும் அவர்களை ஏமாற்றுக்காரர் என்று கூறவில்லை. ஒரே ஆள் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பெயரால் அறியப்படுவது எமது இலக்கிய உலகில் நெடுங்கால வழக்கமே.

இது எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சற்று நோக்குவோம். மின்னஞ்சல் முகவரியின் நடுவிலுள்ள '@' குறியை 1971இல் அமெரிக்கப் பொறியியலாளர் ரே டொம்லின்சன் தெரிவு செய்தார். அக்குறிக்கு வலப்புறத்தில் இருப்பது எந்தச் சேவையகத்துக்குக் கடிதம் செல்ல வேண்டும் என்பதைக் கூறும். இடப்புறத்தில் இருப்பது அந்தச் சேவையகத்தில் யாருக்கு என்பதைக் கூறும். இங்கு கவனிக்க வேண்டிய விதி ஒன்றுண்டு. இடப்புறப் பகுதிக்குப் பொருள் கொள்ளும் உரிமை, கடிதத்தைப் பெறும் சேவையகத்துக்கு மட்டுமே உரியது. வழியிலுள்ள வேறெந்தச் சேவையகமும் அதனை மாற்றவோ விளக்கங் கொள்ளவோ கூடாது. ஆகவே, பெறும் சேவையகம் விரும்பினால் பத்துப் பெயர்களை ஒரே பெட்டிக்குரியவை எனத் தீர்மானிக்கலாம். ஒரு பெயருக்கு வரும் கடிதத்தைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தளிக்கவும் செய்யலாம். மறுபெயர் முகவரிகள் யாவும் இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கின்றன. யுனிக்ஸ் கணினிகளில் எழுபதுகளின் இறுதியிலிருந்தே இத்தகைய பட்டியல்கள் வைக்கப்பட்டு வந்தன. எனவே இது புதுமையான விடயமல்ல. எமது பாவனைக்கு வராதிருந்தது, அவ்வளவே.

எல்லாவற்றிலும் எளிமையானது கூட்டல் குறி முறையாகும். ஜிமெயிலில் கணக்கு வைத்திருப்பவர் ஒருவர், தமது பெயருக்கும் '@' குறிக்கும் இடையில் ஒரு கூட்டல் குறியையும் அதற்குப் பின் விரும்பிய சொல்லையும் சேர்த்துக் கொள்ளலாம். அதாவது, 'பெயர்+வங்கி' என்றோ 'பெயர்+பாடசாலை' என்றோ, ஆங்கில எழுத்துகளில் எழுதிக் கொடுக்கலாம். முன்கூட்டியே எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. பெறும் சேவையகம் கூட்டல் குறிக்குப் பின்னுள்ளதைத் தள்ளிவிட்டு, கடிதத்தை உங்கள் பெட்டியிலேயே சேர்க்கும். ஆனால், கடிதத்தின் தலைப்பகுதியில் முழு முகவரியும் அப்படியே இருக்கும். மைக்ரோசொஃப்டின் அவுட்லுக் சேவையிலும் இம்முறை செயற்படுகின்றது. ஜிமெயிலில் இன்னொரு வசதியும் உண்டு. பெயரின் நடுவில் இடப்படும் புள்ளிகளை அது பொருட்படுத்துவதில்லை. தந்தையின் பெயரெழுத்தை முன்னால் இட்டுப் புள்ளி வைத்து எழுதும் எமக்கு இது மிகவும் பொருத்தமானது. புள்ளி வைத்தாலும் விட்டாலும் கடிதம் உங்களிடமே வரும்.

கடிதங்களை ஒழுங்குபடுத்தும் வேலை இதற்குப் பின்னரே தொடங்குகின்றது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தேடற் பெட்டியின் ஓரத்திலுள்ள குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அதில் 'பெறுநர்' என்ற இடத்தில் கூட்டல் குறியுடன் கூடிய முகவரியை எழுதி, வடிகட்டியொன்றை உருவாக்க வேண்டும். அந்த முகவரிக்கு வருபவற்றுக்கு 'வங்கி' என்ற அடையாளச் சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்றோ, விளம்பரங்கள் முன்பெட்டிக்கு வராமல் நேரே தனியிடத்துக்குச் செல்ல வேண்டும் என்றோ கட்டளையிடலாம். ஒருமுறை செய்தால் போதும். தூதரகத்துக்கென ஒரு சொல், பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கென ஒரு சொல், கடைகளுக்கென ஒரு சொல் என நான்கைந்து போதுமானவை. ஆர்வ மிகுதியால் ஐம்பது சொற்களை உருவாக்கி, எதை எங்கே கொடுத்தோம் என்று மறந்து தடுமாறுபவர்களையும் கண்டிருக்கின்றேன். ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தல் நன்று.

இதனால் கிடைக்கும் பாதுகாப்பே ஒழுங்கைவிடப் பெறுமதி வாய்ந்தது என்பது எனது கருத்து. வங்கிக்கு மட்டும் கொடுத்த முகவரி வேறெவருக்கும் தெரியாது. எனவே, 'உங்கள் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது, உடனடியாக இங்கே அழுத்துக' என்று வங்கியின் பெயரில் வரும் செய்தி, கூட்டல் குறி இல்லாத உங்கள் சாதாரண முகவரிக்கு வந்திருந்தால், அது வங்கியிடமிருந்து வந்ததல்ல என்று உடனடியாகவே ஐயுறலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பாமன்கடைத் தொடர்மாடிகளில் தனித்து வாழும் முதியவர்களுக்கு இந்த ஓர் அடையாளம் பெரும் உதவியாகும். தபால் திணைக்களத்தின் பெயரைப் பயன்படுத்தி, பொதியொன்று வந்திருப்பதாகக் கூறிக் கட்டணம் கோரும் போலிச் செய்திகள் குறித்து அத்திணைக்களமே பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது. அத்தகைய செய்தியின் எழுத்துப் பிழைகளைத் தேடிக் கொண்டிருப்பதைவிட, அது எந்த வாசலால் வந்தது என்று பார்ப்பது சுலபம். ஆயினும் இதை மறுதலையாக விளங்கிக் கொள்ளக் கூடாது. சரியான வாசலால் வந்ததால் மட்டும் ஒரு செய்தி உண்மையாகிவிடாது. நிறுவனமொன்றின் வாடிக்கையாளர் பட்டியல் களவு போயிருந்தால், களவெடுத்தவனிடமும் அந்த முகவரி இருக்கும்.

பட்டியல்கள் களவு போவதையும் விற்கப்படுவதையும் கூட இம்முறை காட்டிக் கொடுக்கும். சில வருடங்களுக்கு முன்னர் தளபாடக் காட்சியறை ஒன்றில் கட்டில் வாங்கியபோது, உத்தரவாதப் பத்திரத்துக்கென மின்னஞ்சல் முகவரி கேட்டனர். பெயருக்குப் பின் கூட்டல் குறியிட்டுக் கட்டில் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துக் கொடுத்தேன். விற்பனையாளர் தம்பி ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூன்று மாதங்களின் பின்னர், எனக்கு முன்பின் தெரியாத வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் ஒருவர் அந்தக் 'கட்டில்' முகவரிக்கே கடிதம் எழுதி, கனடாவுக்கு அனுப்பி வைப்பதாகக் கூறினார். எவரிடமிருந்து முகவரி கைமாறியது என்பதைக் கண்டறிய எனக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. காட்சியறையின் முகாமையாளர் தொலைபேசியில் மறுத்தார். பின்னர் மன்னிப்புக் கேட்டார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், வர்த்தகச் செய்திகளை அனுப்புவதற்குத் தனிநபரின் சம்மதம் பெறப்பட வேண்டும் என்ற கோட்பாட்டை எமது நாட்டுச் சட்டத்தில் இடம்பெறச் செய்துள்ளது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. எவர் மீறினார் என்பதற்கு எம்மிடம் சான்று இருக்க வேண்டும்.

கூட்டல் குறி முறைக்கு இரு குறைபாடுகள் உள்ளன. முதலாவது, அது உங்கள் உண்மையான முகவரியை மறைப்பதில்லை. கூட்டல் குறியையும் அடுத்துள்ள சொல்லையும் எவரும் வெட்டிவிடலாம். விபரமறிந்த விளம்பரக்காரர்கள் அவ்வாறே செய்கின்றனர். இரண்டாவது, சில இணையத்தளங்களின் படிவங்கள் கூட்டல் குறியை ஏற்க மறுத்து, 'முகவரி தவறானது' என்று கூறும். தவறு படிவத்தை எழுதியவருடையது என்றாலும், கவுன்டரில் நிற்பவருடன் இதுபற்றி வாதிடுவதால் பயனில்லை.

உண்மை முகவரியை மறைக்க விரும்புவோருக்கு வேறு சேவைகள் உள்ளன. அப்பிள் நிறுவனம் 2021இல் அறிமுகப்படுத்திய, மின்னஞ்சலை மறைக்கும் வசதியும் மொஸில்லாவின் ஃபயர்பொக்ஸ் ரிலே சேவையும் இவ்வகையின. ஒவ்வோர் இடத்துக்கும் பொருளற்ற எழுத்துகளாலான புது முகவரி ஒன்றை இவை உருவாக்கித் தரும். அதற்கு வருவது உங்கள் பெட்டிக்குத் திருப்பப்படும். தொல்லை அதிகரித்தால் அந்த வாசலை மட்டும் மூடிவிடலாம். சிறப்பான ஏற்பாடுதான். ஆனால் தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பரீட்சை விண்ணப்பம், காணி உறுதி, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு இத்தகைய முகவரியைக் கொடுப்பது ஆபத்தானது. அந்தச் சேவை நாளை நிறுத்தப்பட்டால், அல்லது சந்தா கட்டத் தவறினால், வாசல் மூடப்பட்டுவிடும். அரசாங்க விடயங்களுக்குக் கூட்டல் குறியும் இல்லாத சாதாரண முகவரியே உகந்தது. உத்தியோகத்தர் ஒருவர் அதைக் கையால் எழுதிக் கொள்ள நேரலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எமது பெயர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றுக்கும் மறுபெயர் முகவரி தீர்வாகின்றது. முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு 'எம்' இட்டும் இரண்டு 'எம்' இட்டும், இறுதியில் 'ஈ.டி.' என்றும் 'ஏ.டி.' என்றும், முதலெழுத்துக்குப் பின் 'ஓ' என்றும் 'யூ' என்றும் எழுதுகின்றோம். சிவகுமார் என்ற பெயரை ஒருவர் 'எஸ்' இட்டுத் தொடங்குகின்றார்; மற்றவர் 'எஸ்.எச்.' இட்டுத் தொடங்குகின்றார். யோகராஜாவின் கடைசியில் 'எச்' உண்டா இல்லையா என்பது பிறப்புச் சான்றிதழை எழுதிய பதிவாளரின் மனநிலையைப் பொறுத்தது. தபாற்காரர் இத்தகைய பிழையைக் கண்டால், விசாரித்து உரிய வீட்டில் சேர்த்துவிடுவார். மின்னஞ்சற் சேவையகத்துக்கு அந்தக் கரிசனை இல்லை. ஓர் எழுத்துப் பிசகினால், கடிதம் அதே பெயருடைய வேறொருவரிடம் சத்தமின்றிப் போய்ச் சேரும், திரும்பியும் வராது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு இவ்வாறு வழிதவறியதால் வேலையை இழந்த இளைஞர் ஒருவரை நான் அறிவேன். அவுட்லுக்கில் ஒரு கணக்குக்கு 10 மறுபெயர்கள் வரை வைத்திருக்கலாம். ஜிமெயிலில் வேறெழுத்து முகவரிக்கு வேறொரு கணக்கைத் திறந்து, அதற்கு வருபவற்றை முதற் கணக்குக்குத் திருப்பிவிட வேண்டும். உங்கள் பெயரை மற்றவர்கள் எவ்வாறு பிழையாக எழுதுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பிழைகள் வேறெவராலும் எடுக்கப்படாதிருந்தால், அவற்றை இன்றே பதிவு செய்து கொள்ளலாம். '.இலங்கை' என்ற தமிழ் ஆள்களம் 2010இலேயே அங்கீகரிக்கப்பட்டது. முகவரி முழுவதையும் தமிழில் எழுதுவதற்கான தொழில்நுட்ப விதிகள் 2012இல் வெளியாகின. எனினும் தமிழ் முகவரியை ஏற்காத சேவையகங்கள் பல இருப்பதால், அத்தகைய முகவரி வைத்திருப்பவருக்கும் ஆங்கில எழுத்திலான மறுபெயர் ஒன்று துணைக்குத் தேவைப்படுகின்றது.

இதுவரை பெறுவதைப் பற்றியே கூறினோம். மறுபெயரிலிருந்து அனுப்புவது சற்று வேறானது. கூட்டல் குறி முகவரிக்கு வந்த கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதினால், வழமையாக அது உங்கள் பிரதான முகவரியிலிருந்தே செல்லும், மறைத்தது வெளிப்பட்டுவிடும். ஜிமெயிலின் அமைப்புகளில் 'கணக்குகள்' என்ற பகுதியில், அனுப்பும் முகவரியாக மறுபெயரைச் சேர்த்துக் கொள்ளலாம். வேறு கணக்கிற்குரிய முகவரியாயின், அது உங்களுடையதுதானா என உறுதிப்படுத்த அம்முகவரிக்கு ஒரு குறியீட்டெண் வரும். அதன் கீழேயே, செய்தி எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதிலளிக்குமாறு கட்டளையிடவும் முடியும். சொந்த ஆள்களப் பெயர் வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 பெப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் அனுப்புநரின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் விதிகளை இறுக்கியுள்ளன. உரிய சேவையகத்தின் அங்கீகாரமின்றி மறுபெயரில் அனுப்பப்படும் கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போகக்கூடும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருவோம். தனிமனிதரைவிட, எமது சங்கங்களுக்கும் சபைகளுக்குமே மறுபெயர் முகவரி அவசரத் தேவையாகும். கொழும்பிலுள்ள ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள், ஜனாஸா நலன்புரிச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கக் கிளைகள், சனசமூக நிலையங்கள் ஆகியவற்றின் கடிதத் தாள்களை எடுத்துப் பாருங்கள். மின்னஞ்சல் என்ற இடத்தில் அநேகமாகச் செயலாளரின் சொந்தப் பெயரிலான முகவரியே அச்சிடப்பட்டிருக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் மாறினால் முகவரியும் மாறும். கடிதங்கள் பழையவரிடமே தொடர்ந்து போகும்.

நான் செயற்குழுவில் இருந்த ஒரு சங்கத்தில் நடந்ததைக் கூறுகின்றேன். சங்கத்தின் காரியாலயம் என்று சொல்வதற்குப் பாமன்கடையில் செயலாளரின் வீட்டு முன்னறைதான் இருந்தது. மின்னஞ்சல் முகவரியும் அவருடையதே. நேர்மையானவர், ஒவ்வொரு கடிதத்தையும் கோவையில் இட்டு வைப்பவர். அவர் பிள்ளைகளுடன் சென்று வாழ்வதற்காகக் கனடா புறப்பட்டார். அங்கிருந்தும் இரண்டு வருடங்கள், வந்த ஒவ்வொரு கடிதத்தையும் எமக்கு அனுப்பிக் கொண்டிருந்தார். பின்னர் திடீரெனக் காலமானார். கடவுச்சொல் எவருக்கும் தெரியாது. துயரத்தில் இருந்த குடும்பத்தவரிடம் அதைக் கேட்கவும் எவருக்கும் மனம் வரவில்லை. இதற்கிடையில், லண்டன் கிளை மாணவர் புலமைப்பரிசில் நிதிக்குப் பணம் அனுப்ப முயன்று, கணக்கு விபரத்தை உறுதிப்படுத்துமாறு அந்த முகவரிக்கே மூன்று முறை எழுதியிருக்கின்றது. பதில் வராததால் பணத்தை நிறுத்தி வைத்தது. ஊரில் 8 மாணவர்களுக்கு ஒரு தவணைக்குரிய உதவி கிடைக்கவில்லை. அவர்களுள் ஒரு பிள்ளை உயர்தர வகுப்பின் மேலதிக வகுப்புகளை நிறுத்திவிட்டதாகப் பின்னர் அறிந்தோம். எவரும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. முகவரி ஒரு மனிதரின் பெயரில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தேவையை இணைய உலகம் முன்னரே உணர்ந்திருந்தது. 1997இல் வெளியான இணையத் தர நிர்ணய ஆவணமொன்று, நிறுவனங்கள் ஆட்களின் பெயரிலன்றிப் பணிகளின் பெயரில் முகவரிகளை வைத்திருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தகவல், விற்பனை, உதவி, முறைப்பாடு என்ற சொற்களில் அமைந்த முகவரிகளை எந்த நிறுவனத்திலும் நாம் காண்பது இதனாலேயே. 'செயலாளர்' என்ற முகவரிக்கு எழுதப்படும் கடிதம் இவ்வருடம் ஒருவருக்கும் அடுத்த வருடம் இன்னொருவருக்கும் போகும். எழுதுபவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இதன் அவசியம் இன்னும் கூர்மையாகின்றது. உலகெங்கும் நிறுவனங்களைப் பாதிக்கும் மின்னஞ்சல் மோசடிகளுள் ஒன்று, 'எமது வங்கிக் கணக்கு மாறியுள்ளது, இனிமேல் இந்தக் கணக்குக்கு அனுப்புக' என்று நம்பத்தக்க பெயரில் வரும் கடிதமாகும். வருடந்தோறும் புதுப்புதுச் சொந்த முகவரிகளிலிருந்து எழுதும் சங்கத்தின் கொடையாளிக்கு, ஸகாத் நிதிக்கோ கும்பாபிஷேக நிதிக்கோ பணம் கேட்டு வரும் புதிய முகவரி உண்மையானதா பொய்யானதா என்று எவ்வாறு தெரியும்? மாறிக்கொண்டேயிருப்பதை நாமே அவருக்குப் பழக்கிவிட்டோம். பத்து வருடங்களாக ஒரே முகவரியிலிருந்து எழுதும் சங்கத்தின் பெயரில் புது முகவரி ஒன்று வந்தால், அவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார்.

இதற்குச் செலவும் அதிகமில்லை. கூகிள் குழுமம் ஒன்றைக் கட்டணமின்றி உருவாக்கி, அதன் முகவரியைச் சங்கத்தின் முகவரியாக அறிவிக்கலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரின் சொந்த முகவரிகளையும் அதில் சேர்த்தால், வரும் கடிதம் மூவருக்கும் செல்லும். நிர்வாகம் மாறும்போது உறுப்பினர் பட்டியலை மாற்றினால் போதும். குழுமத்துக்கு வெளியே உள்ளவர்களும் கடிதம் எழுதலாம் என்ற அனுமதியை வழங்க மறக்கக் கூடாது. பலர் இங்குதான் தவறுகின்றனர். இயன்றவர்கள் சொந்த ஆள்களப் பெயரொன்றைப் பதிவு செய்து, அதில் செயலாளர், பொருளாளர் என மறுபெயர்களை அமைக்கலாம். ஆனால், ஆள்களத்துக்கு வருடக் கட்டணம் உண்டு. அதைக் கட்டும் பொறுப்பு எவருடையது என்பது கூட்ட அறிக்கையில் எழுதப்பட வேண்டும். ஒரு தனி ஜிமெயில் கணக்கைத் திறந்து கடவுச்சொல்லைக் கைமாற்றுவதே போதும் என்பாருமுளர். அதில் யார் என்ன எழுதினார் என்று தெரியாது. மேலும், இரண்டு வருடங்கள் பாவிக்கப்படாத கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகிள் 2023 டிசெம்பரில் ஆரம்பித்தது. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கூடும் சங்கங்கள் இதைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

பணியின் பெயரில் முகவரி வைப்பது எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதற்கு எமது அரசாங்கமே உதாரணம். 2023 ஓகஸ்டில் கப்பம் கோரும் தீநிரல் ஒன்று அரசாங்க மின்னஞ்சற் கட்டமைப்பைத் தாக்கியபோது, சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான செய்திகள் மீட்கப்பட முடியாதவாறு அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் இதற்கு விலக்காகவில்லை. முகவரிகள் யாவும் முறையாகவே இருந்தன. பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. முக்கியமான கடிதங்களைச் சங்கங்கள் இன்னும் அச்சிட்டுக் கோவையில் இடுவதைச் சில இளைஞர்கள் கேலி செய்கின்றனர். நான் செய்வதில்லை.

நான் குறிப்பிட்ட சங்கத்துக்கு இப்போது பொது முகவரியொன்று இருக்கின்றது. செயலாளராகப் பணியாற்றும் ஆசிரியை, புலமைப்பரிசில் விடயங்களுக்கென அதில் தனி மறுபெயர் ஒன்றையும் அமைத்துள்ளார். பழைய முகவரியை வைத்திருந்த ஏறத்தாழ 60 பேருக்கும் மாற்றத்தை அறிவித்து எழுதினோம். முதியவர்களுக்குத் தபாலில் அனுப்பினோம். அவற்றுள் ஒன்று, 'முகவரியில் இல்லை' என்ற முத்திரையுடன் வெள்ளவத்தையிலிருந்து திரும்பி வந்தது. அந்த வீடு இடிக்கப்பட்டுத் தொடர்மாடி எழும்பியிருக்கின்றது. விசாரித்தபோது, உரியவர் அதே ஒழுங்கையில் நான்கு வீடுகள் தள்ளி, மகளின் வீட்டில் இருப்பதாகத் தபாற்காரரே கூறினார். இரண்டாவது கடிதத்தில் 'மே/பா' என்று எழுதி மகளின் பெயரைச் சேர்த்தோம்.